பிரிண்ட்லியின் கட்டில் எங்கே?

சிலைகளை நாம் முன்னால் நின்றுதான் பார்ப்போம். பீடம், பெயர்ப்பலகை, திறந்துவைத்த பெரிய மனிதரின் பெயர், தலைமேல் ஒரு காக்கை. ஒரு செல்ஃபி. கதை முடிந்தது! இன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் வேண்டாம். பின்பக்கமாகப் போய், மேசைக்கு அடியில் குனிந்து, முடிந்தால் வெண்கல வயிற்றுக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன். உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று கொஞ்சம் தெரியும். அதனால்தான் இந்தத் துள்ளல். கூடவே வாருங்கள்.

இடம், இங்கிலாந்தின் கவென்ட்ரி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி நொறுக்கிய நகரம். போருக்குப் பிறகு கட்டி எழுப்பியவர்கள் நகர மையத்தைச் சுற்றி ஒரு வட்டச் சாலையை வளைத்துப் போட்டுவிட்டார்கள். கார்கள் சீறிப் பாயும் அந்தச் சாலைக்கு மேலே ஒரு நடைபாலம். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால், தண்ணீர்! பழைய செங்கல் கிடங்குகள், கயிறு கட்டி நிறுத்திய ஒல்லிப் படகுகள், கல் பாவிய முற்றம். கவென்ட்ரி கால்வாயின் படகுத்துறை இது. அங்கே வெண்கலத்தில் ஒருவர், மேசைமேல் குனிந்து வரைபடத்தில் மூழ்கியிருக்கிறார். ஊரே பக்கத்தில் நடந்து போனாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஜேம்ஸ் பிரிண்ட்லி. 1716-இல் பிறந்து 1772-இல் மறைந்தவர். இங்கிலாந்துக்குக் கால்வாய் வெட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஏறத்தாழ 365 மைல் கால்வாய்கள் இவர் கணக்கில் உண்டு. மெர்சி, ட்ரென்ட், செவர்ன், தேம்ஸ் என்ற நான்கு பெரிய ஆறுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய்களால் தைத்துவிட வேண்டும் என்பது அவர் கனவு. சிலையைச் செய்தவர் ஜேம்ஸ் பட்லர். நிறுவியது 1998-இல்.

நல்ல சிலை. கம்பீரமாகத்தான் இருக்கிறது. இப்போது குட்டை உடைக்கட்டுமா?

இந்த மனிதர் வாழ்ந்த காலத்தில் வரைபடம், மாதிரி இதையெல்லாம் அவ்வளவாகப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. எல்லாம் தலைக்குள். கணக்கும் தலைக்குள், பாலமும் தலைக்குள், பல்சக்கரமும் தலைக்குள். படங்களைத் தீட்டித் தந்தது பெரும்பாலும் ராபர்ட் விட்வொர்த், ஹியூ ஹென்ஷால் போன்ற உதவியாளர்கள். அப்படியானால், தலைக்குள் அடங்காத சிக்கல் வந்தால் என்ன செய்வார்? போய்ப் படுத்துக்கொள்வார்! சிரிக்காதீர்கள், உண்மை. ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் கூடப் படுக்கையை விட்டு எழாமல் கிடந்து யோசிப்பாராம். விடை கிடைத்ததும் எழுந்து வந்து வேலையை ஆரம்பிப்பார். குறித்து வைத்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம் கூடத் தேவைப்படாது.

ஆக, உண்மைக்குப் பக்கத்தில் ஒரு சிலை வேண்டுமென்றால் கட்டில் ஒன்று செய்து, போர்வையை இழுத்துப் போர்த்தி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை அதில் கிடத்தியிருக்க வேண்டும். நகர மன்றம் அதற்குப் பணம் கொடுக்குமா? அந்தச் சங்கடம் புரிகிறது. மேசையும் வரைபடமும் இருந்தால் எந்தச் சிறு பிள்ளையும் ‘ஓ, இன்ஜினியர்’ என்று சொல்லிவிடும். கட்டிலைப் பார்த்தால் மருத்துவமனைக்கு நன்கொடை கொடுத்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இது முதல் குட்டுதான். இரண்டாவது இன்னும் சுவையானது. அதற்கு முன்னால் சிற்பியின் பட்டறைக்குள் ஒரு நடை போய்வருவோம்.

பட்லர் லண்டனின் டெப்ட்ஃபோர்டில் 1931-இல் பிறந்தவர். பட்டறை வைத்திருந்தது கவென்ட்ரி இருக்கும் அதே பக்கத்தில், வாரிக்‌ஷயரின் ராட்வே கிராமத்தில். 2022-இல் காலமானார். நைரோபியில் ஜோமோ கென்யாட்டா, வுல்வர்ஹாம்ப்டனில் கால்பந்து வீரர் பில்லி ரைட், ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் துள்ளிக் குதிக்கும் ஒரு கோமாளி என்று இவர் கைவரிசை உலகம் முழுக்க நிற்கிறது. பிரிட்டிஷ் அரசின் பெரிய முத்திரையை 2001-இல் வடிவமைத்ததும் இவர்தான்.

இவர் செய்த இன்னொரு பொறியாளர் சிலையைச் சொல்லாமல் நகர முடியாது. லண்டன் நகரின் கார்ன்ஹில் தெருவில் ஜேம்ஸ் கிரேட்ஹெட் நிற்கிறார், 1994-லிருந்து. பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் முறையைச் செம்மைப்படுத்தியவர். பார்ப்பதற்குச் சாதாரணச் சிலை. பீடம் மட்டும் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பருமன். ஏன் தெரியுமா? பீடம் உள்ளே காலி! அடியில் இருக்கும் பேங்க் நிலையத்துக்குக் காற்றுப் போக்குவதற்கான குழல் அது. நிலையத்துக்குக் காற்றுவழி தேவைப்பட்டது, அதை மறைக்க ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டார், கிரேட்ஹெட்டை ஏற்றி வைத்துவிட்டார்கள். சுரங்கம் தோண்டியவரின் காலடியிலேயே சுரங்கம் மூச்சுவிடுகிறது. சிலைகளின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பிரிண்ட்லி சிலைக்குள் அப்படி ரயில் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே காலிதான். இப்படிப்பட்ட ஆளுயர வெண்கல உருவங்கள் பொதுவாக உள்ளே நிறைந்திருப்பதில்லை. தோல் மட்டும்தான் உலோகம், சில மில்லிமீட்டர் கனம்.

எப்படிச் செய்கிறார்கள்? பொதுவான வழியைச் சொல்கிறேன். முதலில் இரும்புக் கம்பியிலும் குழாயிலும் ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் கம்பி வலை, அதன்மேல் களிமண். சிற்பி கையால் செய்வது இந்தக் களிமண் உருவத்தைத்தான். கோட்டு மடிப்பு, பொத்தான், காலுறைச் சுருக்கம், முகத்தின் எரிச்சல், எல்லாமே ஈர மண்ணில் பிறக்கின்றன. வேலை நடக்கும் நாளெல்லாம் மண் காயாமல் தண்ணீர் தெளித்து ஈரத்துணி சுற்றி வைப்பார்கள். பட்டறைக்குள் நுழைகிற ஆள் திடுக்கிட்டுப் போவார்; மூலைக்கு மூலை முக்காடு போட்ட உருவங்கள்!

களிமண் உருவம் முடிந்ததும் அதன்மேல் ரப்பர் பூசி அச்சு எடுப்பார்கள். அச்சைப் பகுதி பகுதியாகக் கழற்றி, உட்பக்கம் மெழுகு பூசுவார்கள். இப்போது அதே ஆள் மெழுகில் வந்துவிடுவார், உள்ளே வெற்றிடத்தோடு. பிறகு வருவது எனக்கு மிகப் பிடித்த கட்டம். மெழுகுத் துண்டுகளைப் பீங்கான் குழம்பில் முக்கி, நுண்மணலைத் தூவி, காயவிட்டு, மறுபடி முக்கி... வாழைக்காய் பஜ்ஜி போடுகிற அதே கைப்பக்குவம்தான், எண்ணெய்ச் சட்டி மட்டும் இல்லை. மேல்தோடு நன்றாக இறுகியதும் சூளையில் வைப்பார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில், ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும் வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் சுத்தியலால் தோட்டை உடைத்தால் கை தனியாக, தலை தனியாக, கோட்டின் வால் தனியாக வெளியே வரும். அவற்றைப் பற்றவைத்து, ஒட்டு தெரியாமல் இழைத்து, ஊதுகுழல் நெருப்பில் சூடேற்றி, ரசாயனம் தெளித்து, பழுப்போ பச்சையோ நிறம் ஏற்றுவார்கள். புதுச் சிலைக்கு வயதான நிறம் வருவது வயதால் இல்லை என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

நம் சுவாமிமலை ஸ்தபதிகள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி ஐம்பொன் ஊற்றும் வேலையைச் சோழர் காலத்திலிருந்தே செய்துவரும் மரபு அது. அவர்கள் பெரும்பாலும் கனமாகவே வார்ப்பார்கள், அச்சை உடைத்துவிட்டால் அந்தச் சிலை ஒன்றே ஒன்றுதான். பிரிண்ட்லிக்கு அந்தக் கவலை இல்லை. ரப்பர் அச்சு இருந்தால் இன்னொரு பிரிண்ட்லியையும் வார்த்துவிடலாம்.

சரி, முகம்? புகைப்படம் இல்லாத காலத்து ஆளுக்கு முகம் எங்கிருந்து வந்தது? 1770-இல் பிரான்சிஸ் பார்சன்ஸ் என்ற ஓவியர் பிரிண்ட்லியை வரைந்தார். கட்டுமஸ்தான ஆள், சதைப்பிடிப்பான முகம், பக்கத்தில் அளவைக் கருவி. இன்று நாம் பிரிண்ட்லி என்று நினைத்துக்கொள்ளும் முகம் அதுதான். ஓவியத்திலும் ஆள் எழுந்துதான் நிற்கிறார். கட்டில் அங்கேயும் இல்லை!

இப்போது ஒரு தற்செயல். இதைக் கவனித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பட்லருக்குப் பெயர் வாங்கித் தந்த சிலைகளில் ஒன்று, லெஸ்டர் நகரில் 1980-இல் வைத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னர். சரி, பிரிண்ட்லிக்கும் அந்த மன்னருக்கும் என்ன? ஒரே ஒரு முறை, லண்டனில் வேலையாகப் போயிருந்த பிரிண்ட்லியை நண்பர்கள் வலுக்கட்டாயமாக நாடகத்துக்கு இழுத்துப் போனார்களாம். டேவிட் காரிக் நடித்த ஷேக்ஸ்பியர் நாடகம். எந்த நாடகம்? மூன்றாம் ரிச்சர்டு! மனிதருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த கால்வாய், பாலம், கணக்கு எல்லாம் கலைந்துபோய், சில நாள் வேலையே ஓடவில்லை. இனி ஆயுளுக்கும் நாடகம் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அவரை அப்படி அலறவைத்த மன்னரைச் செய்த அதே கைகள், பதினெட்டு ஆண்டு கழித்து அவரையும் செய்தன. சிலைக்கு வாய் இருந்தால் பட்லரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கும்.

ஆள் யார் என்று இன்னும் சரியாகச் சொல்லவே இல்லையே. டெர்பிஷயரில் டன்ஸ்டெட் என்ற சிற்றூர். ஏழை வீடு. பள்ளிக்கூடம் பெரிதாக இல்லை. 17 வயதில் மக்ல்ஸ்ஃபீல்டு பக்கத்தில் ஆப்ரகாம் பென்னெட் என்ற ஆலைத் தச்சரிடம் வேலை கற்கச் சேர்ந்தார். ஆலைத் தச்சர் என்றால் நீர்ச்சக்கரம், காற்றாலை, மாவரைக்கும் கல், பல்சக்கரம் எல்லாம் செய்பவர், பழுது பார்ப்பவர். ஒரு முறை பென்னெட் ஒரு காகித ஆலைக்கு வேலை எடுத்துவிட்டு, அது எப்படி இயங்கும் என்றே தெரியாமல் முழித்தாராம். பையன் ஒரு சனிக்கிழமை மாலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். 25 மைல் போல நடந்து மான்செஸ்டர் பக்கத்து ஆலையை ஞாயிறு முழுக்கப் பார்த்தான், இரவோடு இரவாக அதே தூரம் திரும்பி நடந்தான், திங்கள் காலை வேலையில் நின்றான். கையில் ஒரு குறிப்பும் இல்லை. ஆலை முழுவதும் தலைக்குள்.

குறிப்பு எழுதினால்தான் என்ன எழுதியிருப்பார்? அவருடைய நாட்குறிப்புகள் இன்றும் ஆராய்ச்சியாளர்களைச் சிரிக்கவைக்கின்றன. எழுத்துப் பிழைகள் அப்படி! காதில் விழுந்தபடியே எழுதுவார். நிலத்தை அளக்கப் போனது, மழை பெய்தது, குதிரைக்குச் செலவு, எல்லாம் அவர் வழக்கு மொழியில். இந்த மனிதரைத்தான் காகிதத்தின்மேல் குனியவைத்திருக்கிறார்கள். 1765-இல், 49 வயதில், 19 வயது ஆன் ஹென்ஷாலை மணந்துகொண்டார். அந்தக் காலத்து வழக்கம் என்றாலும் அந்தக் கணக்கு நெளியத்தான் வைக்கிறது. பிறகு கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டது ஆன்தான் என்பார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த மேசைக்கு எதிரே ஒரு பெண்ணும் பேனாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவருக்கு வாழ்வு தந்தது பிரிட்ஜ்வாட்டர் கோமகன். வொர்ஸ்லியில் கோமகனுக்கு நிலக்கரிச் சுரங்கங்கள். மான்செஸ்டருக்குக் கரி போக வேண்டும், நடுவில் இர்வெல் ஆறு. எல்லாரும் என்ன நினைப்பார்கள்? கால்வாயை ஆற்றில் இறக்கி மறுபக்கம் ஏற்று என்பார்கள். கோமகனும், அவர் காரியதரிசி ஜான் கில்பர்ட்டும், பிரிண்ட்லியும் வேறு மாதிரி யோசித்தார்கள்: கால்வாயையே பாலத்தில் ஏற்றி ஆற்றின் தலைக்கு மேலே கொண்டுபோ! கீழே படகு, மேலே படகு. அன்றைய பெரிய பொறியாளர் ஒருவர் இது ஆகாயக் கோட்டை என்று நையாண்டி செய்தாராம்.

நாடாளுமன்றக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். படம் எங்கே என்று கேட்டார்கள். படமா? பிரிண்ட்லி கடைக்குப் போய்ப் பெரிய வட்டப் பாலாடைக்கட்டி ஒன்று வாங்கி, இரண்டாக வெட்டி நிமிர்த்தி வைத்தார். அரை வட்டம் இரண்டு. பாலத்தின் வளைவுகள் இரண்டு. மேலே ஒரு பொருளை நீளவாக்கில் வைத்தால், கால்வாய்! கேள்வி முடிந்த பிறகு பாலம் என்ன ஆனது என்று வரலாறு சொல்லவில்லை. தின்றிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். அடுத்த சந்தேகம்: தண்ணீர் ஒழுகாதா? களிமண்ணைக் கொண்டுவரச் சொல்லி, குழு அறையிலேயே தொட்டி பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். ஒழுகியது. அதே மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பதமாக்கி, மறுபடி தொட்டி பிடித்து ஊற்றினார். ஒரு சொட்டுப் போகவில்லை. மதிப்புக்குரிய உறுப்பினர்கள் முன்னால் கையெல்லாம் சேறு!

பிசைந்த களிமண் என்ற அந்த எளிய பொருள்தான் அவருடைய கால்வாய்கள் அத்தனைக்கும் அடித்தளம். வெட்டிய பள்ளத்தின் அடியிலும் கரையிலும் மண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்து மிதித்து இறுக்குவார்கள். ஆள்கள் மிதிப்பார்கள், சில இடங்களில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிடுவார்கள். சிலையின் கால்சட்டை அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, அது ஒன்றுதான் எனக்குக் குறை. அந்தப் பூட்ஸில் ஒரு பிடி சேறு வார்த்திருக்கலாம்.

பார்ட்டன் நீர்ப்பாலம் 1761 ஜூலை 17 அன்று திறந்தது. ஆற்று நீருக்கு மேலே 38 அடி உயரத்தில் படகு போனது. மக்கள் திரண்டு வந்து வாய்பிளந்து பார்த்தார்கள். மான்செஸ்டரில் கரி விலை பாதியாக இறங்கியது. ஆனால் இதற்கும் ஒரு திரைமறைவுக் கதை உண்டு. தண்ணீர் விட்டபோது ஒரு வளைவு பாரம் தாங்காமல் நெளிந்ததாம். பிரிண்ட்லி என்ன செய்தார்? யூகித்திருப்பீர்களே. ஸ்ட்ரெட்ஃபோர்டில் ஒரு விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்! இந்த முறை விடை கட்டிலில் கிடைக்கவில்லை. கில்பர்ட்தான் ஆள்களை வைத்து அதிகமாகக் கொட்டிய களிமண்ணை அள்ளி, வளைவைச் சரிசெய்து, புது மண் போட்டு முடித்தார் என்று சொல்கிறார்கள். கில்பர்ட்டின் பெயர் சுற்றுலாக் கையேடுகளில் சின்ன எழுத்தில்தான் வரும். அந்தப் பாலத்தை 1893-இல் இடித்துவிட்டு, அடுத்த ஆண்டு அங்கேயே இன்னொரு அதிசயத்தைத் திறந்தார்கள்: கப்பல் வந்தால், தண்ணீரும் தொட்டியுமாக அப்படியே சுழன்று வழிவிடும் நீர்ப்பாலம். இன்றும் சுழல்கிறது.

இப்போது இரண்டாவது குட்டு. கவென்ட்ரி.

1768-இல் கவென்ட்ரி கால்வாய் நிறுவனத்துக்கு நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது. மூலதனம் 50,000 பவுண்டு. பொறியாளர், வேறு யார், பிரிண்ட்லி. 1769 ஆகஸ்ட் 10 அன்று பெட்வொர்த் சுரங்கங்களிலிருந்து முதல் கரிப் படகுகள் நகரத்துக்கு வந்து சேர்ந்தன. ஊரே கொண்டாடியிருக்க வேண்டும். அவர் பாணிப்படியே கால்வாய் மேட்டில் ஏறாது, பள்ளத்தில் இறங்காது. நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து நெளிந்து போகும். அதனால் படகை ஏற்றி இறக்கும் ‘லாக்’ தொட்டிகள் குறையும், தண்ணீரும் மிஞ்சும். கவென்ட்ரி துறையிலிருந்து ஆதர்ஸ்டன் வரை சுமார் 16 மைலுக்கு இந்தக் கால்வாயில் படகை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். இன்று விடுமுறைக்குப் படகு எடுத்துப் போகிறவர்கள் கைவலி இல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டு போவது அவர் புண்ணியம்.

1771-இல் கால்வாய் ஆதர்ஸ்டனைத் தொட்டபோது பணப்பெட்டி காலி. நிறுவனத்தாருக்கோ பொறியாளர்மேல் கடுப்பு. ஒரே சமயத்தில் நாடு முழுக்கப் பல கால்வாய்களுக்குத் தலைமை தாங்கிக்கொண்டு, குதிரைமேல் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த மனிதர் அவர். கால்வாய் முடியும் முன்பே அவரை நீக்கிவிட்டு டாமஸ் யோமன் என்பவரை வைத்தார்கள். ஆமாம், வெண்கலச் சிலை நிற்கிற அதே துறைக்குச் சொந்தக்காரர்கள், உயிரோடு இருந்தவரை வெளியே அனுப்பியவர்கள்! கால்வாய் மறுமுனையான ஃப்ராட்லியைத் தொட்டபோது ஆண்டு 1790. பிரிண்ட்லி இறந்து பதினெட்டு ஆண்டு ஆகியிருந்தது.

நாளை யாராவது அந்தச் சிலையின் வரைபடத்தைப் பார்த்து ‘எவ்வளவு நிதானமாக யோசிக்கிறார்’ என்று சொன்னால், அது வேலைநீக்கக் கடிதமாகக்கூட இருக்கலாம் என்று காதில் போடுங்கள்.

நிறுவனத்தாரின் கோபத்திலும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஆள் அத்தனை இடத்திலும் இருக்க முடியாது. அவர் தொட்ட பெரிய வேலையான ட்ரென்ட்-மெர்சி கால்வாயில் ஹேர்காசில் சுரங்கம் மட்டும் 2,880 கெஜம். மலைக்கு அடியில் வெடிமருந்து, ஊற்று நீர், பாறை என்று பதினோரு ஆண்டு இழுத்தது. முடிவைப் பார்க்க அவர் இல்லை. மைத்துனர் ஹியூ ஹென்ஷால்தான் முடித்தார். அந்தக் கால்வாயின் முதல் மண்ணை 1766-இல் வெட்டியவர் பீங்கான் வியாபாரி ஜோசையா வெட்ஜ்வுட். தேநீர்க் கோப்பைகள் குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் போனால் எத்தனை உடையும் என்று கணக்குத் தெரிந்த மனிதர்! கால்வாயில் ஒரு குதிரை 25, 30 டன்னை ஆடாமல் அசையாமல் இழுத்துவிடும். அந்தக் காலத்தில் பிரிண்ட்லி வைத்த அளவு, ஏழடி அகலமும் எழுபத்திரண்டு அடி நீளமும் கொண்ட படகு நுழையும் ‘லாக்’. இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் இன்றும் மிதக்கும் வண்ணப் படகுகள் அப்படி ஒல்லிக்குச்சியாக இருப்பதற்கு அவர் வைத்த அந்த அளவுதான் காரணம். சிலையின் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள், அவர் செய்த உண்மையான சிலைகள் வரிசையாகத் தண்ணீரில் நிற்கும்.

1772-இல் கால்டன் கால்வாய்க்கு நிலம் அளக்கப் போனவர் மழையில் நனைந்தார். ஈரப் படுக்கையில் உறங்கவேண்டி வந்தது என்றும் சொல்கிறார்கள். எத்தனையோ பாலங்களைக் கட்டிக்கொடுத்த படுக்கை கடைசியில் ஆளையே சாய்த்துவிட்டது. மருத்துவம் பார்த்தவர் எராஸ்மஸ் டார்வின். பிரிண்ட்லிக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டுபிடித்தவரும் இவரே. டார்வின், வெட்ஜ்வுட் இருவருமே பரிணாமக் கொள்கை சார்லஸ் டார்வினுக்குத் தாத்தாக்கள். செப்டம்பர் 27 அன்று டர்ன்ஹர்ஸ்டில் உயிர் பிரிந்தது, நியூசேப்பலில் அடக்கம் செய்தார்கள். லிச்ஃபீல்டு பேராலயத்தில் பிரிண்ட்லிக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று மருத்துவர் டார்வின் பிறகு எழுதியும் வைத்தார். வெண்கலத்தில் முழு உருவமாக அவர் எழுந்து நிற்க இரண்டு நூற்றாண்டு ஆயிற்று: ஸ்டோக்கின் எட்ரூரியாவில் கோலின் மெல்போர்ன் செய்த சிலை 1990-இல், நம் கவென்ட்ரிக்காரர் 1998-இல்.

கவென்ட்ரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் கிடையாது, காவலும் கிடையாது, எந்த நேரமும் பார்க்கலாம். சிலையை முன்னால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கரையோரமாக ஹாக்ஸ்பரி வரை ஐந்தரை மைல் நடைபாதை இருக்கிறது, வழியெல்லாம் கலைப்பொருள்கள் வைத்திருக்கிறார்கள். சிற்பிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பிரிண்ட்லிக்கு மூன்றாவது சிலை என்று யாராவது முன்பணத்தோடு வந்தால் தயவுசெய்து அவரை நிற்கவைக்காதீர்கள். ஒரு கட்டில், ஒரு போர்வை, தலைமாட்டில் இரண்டாக வெட்டிய பாலாடைக்கட்டி. அவ்வளவு போதும்.